இடது பக்கப் படம் நான்

உட்காருங்கள். அந்த ஓரம் வேண்டாம், அங்கே ஏசி சொட்டும். இந்தப் பக்கம். ஹெல்மெட்டையும் அங்கே வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறீர்கள்? நேராகவே பாருங்கள். சாய்த்தாலும் அதேதான். பத்து நாள் கண்காட்சி, இன்றைக்குக் கடைசி. நேற்று ஒருநாள் தவிர மற்ற ஒன்பது நாளும் வந்திருக்கிறேன். எல்லாரும் இப்படித்தான். வருகிறார்கள், கழுத்தை ஒடிக்கிறார்கள், பின்னால் நாலடி போய் இந்த பெஞ்சில் இடித்துக்கொள்கிறார்கள், "டெப்த் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சுவரில் மாட்டிய துணியில் என்ன ஆழம்?

இடது பக்கம் இருக்கிறதே, சிவப்பும் மஞ்சளும் நீலமும் கறுப்புமாக, வரி வரியாக. அது நான்.

சிரிக்காதீர்கள். நான்தான். வலது பக்கம் இருப்பது என் தம்பி.

இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா? அதுதான் என் புகாரும்.

வரைந்தது வடிவு. வடிவாம்பிகை. அந்தத் தம்பியின் மகள், என்னைப் பெரியப்பா என்பாள். மரபணு படித்தவள். ஹைதராபாத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஏழு வருஷம் வெள்ளைக் கோட்டு போட்டாள். ஒருநாள் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அங்க எல்லாரையும் நம்பராவே பாக்கறோம் பெரியப்பா. எனக்கு ஆளாப் பாக்கணும்" என்றாள். ஆளாகப் பார்த்து வரைந்ததுதான் இது. மூக்கு இருக்கிறதா? மீசை இருக்கிறதா? என் மீசையை முப்பத்து நாலு வருஷம் ஒரு டிபார்ட்மென்டே பார்த்துப் பயந்திருக்கிறது. இதில் ஒரு மயிர்கூட இல்லை.

அவள் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து எச்சில் துப்பச் சொல்வாள். அதை லேபுக்கு அனுப்பினால் நம் உடம்புக்குள் எழுதியிருப்பதெல்லாம் நாலே எழுத்தில் வந்துவிடுமாம். நாலு எழுத்தையே மாற்றி மாற்றிப் போட்டு மைல் கணக்கில். நாலு எழுத்துக்கு நாலு நிறம். மனுஷனுக்கு மனுஷன் ஆயிரத்தில் ஒரு எழுத்துதான் மாறுமாம். மாறும் அந்த ஒன்றை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி, கையாலேயே, கோடு கோடாகப் போடுகிறாள். இந்த ஹாலில் இருபத்திரண்டு பேர் தொங்குகிறார்கள். அதோ, மஞ்சள் தூக்கலாக இருப்பது அவள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். அதற்கு அடுத்தது ஒரு ரிடையர்டு ஜட்ஜ். ஆயிரத்தில் ஒன்றுதான் வித்தியாசம் என்று கேட்டதும் ஜட்ஜ் ஒரு மாதிரி ஆகிவிட்டார். வாட்ச்மேன் சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒன்றும் கிடையாதாம். இரட்டையர். ஒரே கரு உடைந்து இரண்டானது. நான் பதினேழு நிமிஷம் முன்னால் வந்தேன். பேரைக் கேளுங்கள். நான் நெல்லையப்பன். அவன் காந்திமதிநாதன். திருநெல்வேலிக் கோயிலில் இரண்டும் ஒரே சாமி. எங்கள் அப்பாவுக்கு யோசனை அவ்வளவுதான் ஓடியது.

பதினேழு நிமிஷம் சும்மா இல்லை. மூத்தவன் மூத்தவன்தான். சின்ன வயதில் அவன் வாதாடுவான்: "பின்னாடி வந்தவன்தாம்லே மூத்தவன். பஸ்ல மொதல்ல ஏறுனவன் உள்ளாற போயி உக்காருவான், கடைசியில ஏறுனவன்தான் மொதல்ல எறங்குவான்." அந்த வயதிலேயே அந்த வாய். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இந்த பஸ் கேஸ் நடந்தது. பிறகு மூத்தவன் என்றால் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று தெரிந்ததும் வாபஸ் வாங்கினான்.

நான் என்ன வேலை பார்த்தேன் தெரியுமா? போலீஸில் விரல்ரேகைப் பிரிவு. முப்பத்து நாலு வருஷம். கோர்ட்டுக் கூண்டில் ஏறி, இந்த ரேகை இவனுடையது, இவனைத் தவிர இந்த உலகத்தில் எவனுடையதும் இல்லை என்று சொல்வது. அதுதான் என் வேலை. இரட்டையருக்கும் முகம்தான் ஒன்று. ரேகை வேறு. அந்த எழுத்து ஆயிரம் ஒத்துப்போகட்டும், கட்டை விரல் ஒத்துப்போகாது. ஆகவே நான் வேறு, அவன் வேறு. இதை வடிவுக்குச் சொன்னேன். "தெரியும் பெரியப்பா" என்றாள். தெரிந்தும் இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து வைத்தால் என்ன அர்த்தம்?

எண்பத்தாறில் ஒரு கேஸ். பரீட்சை ஹாலில் தம்பிக்குப் பதில் அண்ணன் உட்கார்ந்து எழுதிவிட்டான். இவர்களும் இரட்டையர்தான். ஹெட்மாஸ்டர் பார்க்கிறார், முகம் சரி. போட்டோ பார்க்கிறார், சரி. ஹால் டிக்கெட்டில் வைத்த பெருவிரல் ரேகை என் மேஜைக்கு வந்தது. பதினைந்து நிமிஷம். பிடித்துவிட்டேன். அண்ணன்காரன் கோர்ட்டில் அழுதான். "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே சார் வித்தியாசம், அவன் கொஞ்சம் மக்கு" என்றான். ஜட்ஜ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஒருவன் இடத்தில் இன்னொருவன் நிற்பது ஆள்மாறாட்டம். அண்ணனானால் என்ன, தம்பியானால் என்ன.

ஏசி சொட்டவில்லையா? சொட்டும். பொறுங்கள்.

வடிவு என்னிடமும் குழாயை நீட்டினாள். போன வருஷம். நான் துப்ப மாட்டேன் என்றுவிட்டேன். சாட்சி சொன்ன வாய் இது, குழாயில் துப்புவதற்கில்லை. கெஞ்சுவாள் என்று பார்த்தேன். கெஞ்சினால் இரண்டு நாள் கழித்துத் துப்பியிருப்பேன். அவள் குழாயை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பரவால்ல பெரியப்பா. அப்பா குடுத்துட்டார். உங்களுக்கும் அதே போதும்" என்றாள்.

அப்போது எனக்கு உறைக்கவில்லை. இங்கே முதல் நாள் வந்து அந்த அட்டையைப் படித்ததும்தான் உறைத்தது. படத்துக்குக் கீழே பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். "இரட்டையர். ஒரே உமிழ்நீர், இரண்டு ஓவியங்கள்." என்னுடைய படம் அவன் எச்சிலில் இருந்து வந்திருக்கிறது.

எனக்கு எப்படி இருக்கும்? நான் உயிரோடு இருக்கிறேன். கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் இடத்தில் அவன் எப்படி நிற்கலாம்? உடம்பு ஒன்று என்றால் ஆளும் ஒன்றா? எனக்கென்று இருக்கிற ஒன்றை நான்தானே செய்ய வேண்டும்? வேண்டாம் என்று சொல்வதானாலும் நான்தானே சொல்ல வேண்டும்? இதைத்தான் வடிவிடம் கேட்டேன், இதே இடத்தில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே.

"நீங்க இப்பிடிக் கேப்பீங்கன்னு அப்பா சொன்னார்" என்றாள்.

"வேற என்ன சொன்னான்?"

"கேட்டா பதில் சொல்லாதேன்னார்."

திமிர். அப்பனுக்கும் மகளுக்கும் திமிர்.

ஆனால் ஒன்று சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. "ஒரே எழுத்தைத்தான் ரெண்டு துணியிலயும் எழுதினேன் பெரியப்பா. அதே பிரஷ், அதே பெயின்ட். ரெண்டாவது தடவை கை வேற மாதிரிப் போயிடுச்சு. நானா மாத்தலை. வாழ்க்கையும் அப்பிடித்தானே, எழுத்து ஒண்ணு, எழுதற கை வேற." சரி, பார்க்கலாம் என்று லென்ஸை எடுத்தேன். பழைய ஆபீஸ் லென்ஸ், இதோ, இன்னமும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஒன்பது நாளில் பதினாலு வித்தியாசம் பிடித்திருக்கிறேன். மேலிருந்து மூன்றாவது நீலக் கோடு, இடதில் கடைசி வரைக்கும் போகிறது. வலதில் ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. கறுப்பு இடதில் அழுத்தம். வலதில் நடுவே கொஞ்சம் துணி தெரிகிறது. எது யார் என்று அவள் எழுதவில்லை. நானே முடிவு செய்தேன். கடைசி வரைக்கும் போகிறவன் நான். பாதியில் நின்றவன் அவன்.

எங்கே நின்றான் என்றா கேட்கிறீர்கள்? பேச்சை நிறுத்தினான். பதினொரு வருஷம் ஆகிறது.

ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு சொல். அதுகூட இல்லை. சொல்லில் பாதி.

எங்கள் பக்கம் அப்பாவுக்குக் கொள்ளி மூத்தவன் வைக்க வேண்டும். அம்மாவுக்கு இளையவன். அப்பாவுக்கு நான் வைத்தேன், அவன் பின்னால் நின்றான். அம்மா போனது ஒரு மே மாதம், பாளையங்கோட்டையில், விடியற்காலை நாலு மணிக்கு. தொண்ணூற்றொரு வயது. அவன் அப்போது நாக்பூரில் இருந்தான். போன் போட்டேன். "நான் வார வரைக்கும் எடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் வெச்சிரு" என்றான். "சரி, வா" என்றேன்.

சொன்னேன்தான். ஆனால் பாளையங்கோட்டை மே மாதம் உங்களுக்குத் தெரியாது. ஐஸ் பெட்டி வந்தது, கரண்ட் போனது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மணி மூன்று. அவன் இன்னும் சென்னையில் பிளேன் மாறிக்கொண்டிருக்கிறான். எங்கள் அத்தை, அப்பாவுடைய தங்கை, எண்பத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை. நடையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "சின்னவன் வராம எங்க மதினியை யாரு தூக்குதான்னு பாக்கேன்." நாலு பேர் சமாதானம் சொன்னார்கள். அசையவில்லை.

நான் பின்கட்டுக்குப் போனேன். மீசையை எடுத்தேன். மகன் என்றால் மூத்தவனானாலும் எடுக்க வேண்டியதுதான். தலையில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு நடைக்கு வந்தேன். அவன் என்றைக்குமே மீசை வைத்ததில்லை. எங்களுக்குள் பார்த்ததும் தெரிகிற வித்தியாசம் அது ஒன்றுதான். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நாதா, வந்துட்டியாலே" என்று என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உம்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு உம். பொய் சொன்னேனா? வந்துட்டியா என்றாள். வந்துதானே நின்றேன்.

அத்தை காலை மடக்கிக்கொண்டாள். விஷயம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் வெயில்தானே. வாயைத் திறக்கவில்லை. காரியம் முடிந்தது. சுடுகாட்டு ரிஜிஸ்டரில் கொள்ளி வைத்தவர் பெயர் என்று ஒரு கட்டம். அத்தை மகன் தோளோடு தோளாக நிற்கிறான். வேறு எதை எழுத? காந்திமதிநாதன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

முகம் ஒன்று, ரத்தம் ஒன்று. அம்மாவுக்கே எங்களைச் சின்ன வயதில் தெரியாது, ஒருவனுக்கே இரண்டு தடவை எண்ணெய் தேய்த்து மற்றவனை விட்டிருக்கிறாள். எவன் வைத்தால் என்ன? நெருப்பு ரேகை பார்க்கிறதா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது பரீட்சை. இது அவசரம். அது வேறு, இது வேறு.

ஏழு மணிக்கு வந்து இறங்கினான், பையோடு. வீடு கழுவி விட்டாயிற்று. அத்தை வாசலில் இருந்தாள். "பையும் கையுமா எங்கலே போயிட்டு வாரே?" என்றாள். அவனுக்கு விளங்கவில்லை. "அம்மா எங்கத்தே?" என்றான்.

"என்னலே இப்பிடிக் கேக்கே? நீதானலே கொள்ளி வெச்சே."

நான் உள்ளேயிருந்து வந்தேன். மீசை இல்லாமல். அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குக் கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "சாப்பிடுதியா?" என்று கேட்டேன். அவன் பையைக் கீழேயே வைக்கவில்லை. வந்த டாக்சியிலேயே ஏறிப் போய்விட்டான். பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. பிடிவாதக்காரன். நான் அப்படியில்லை. அவன் முதலில் பேசட்டும் என்று இருக்கிறேன், அவ்வளவுதான்.

அவன் மனைவி இறந்த பிறகு வடிவு அவனை இங்கே தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். நாலு வருஷமாக இதே சென்னையில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் எழுபத்தாறு. வடிவு என் வீட்டுக்கு வருவாள், காபி குடிப்பாள், அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். கண்காட்சிக்கு முந்தின நாள் திறப்பு விழா, அதற்குக் கூப்பிட்டாள். "அவன் வருவானா?" என்றேன். "நீங்க வந்தா வரமாட்டார்" என்றாள். சரி என்று விழாவுக்கு நான் வரவில்லை. அவனும் வரவில்லையாம். நான் வந்தாலும் வருவேன் என்று நினைத்திருப்பான். மறுநாளே வந்தேன். அன்றிலிருந்து தினமும்.

அவனுக்காக இல்லை. ஏசிக்காக. வீட்டிலும் ஏசி இருக்கிறது, அது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருமகள் டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறாள். "மாமா, ஆபீசுக்குக் கிளம்பியாச்சா?" என்கிறாள். நக்கல்.

வாசலில் ஒரு பலகை பார்த்தீர்களா, வெள்ளையாக? வருகிறவர்கள் கட்டை விரலை மையில் தொட்டு அதில் வைத்துவிட்டுக் கீழே பேர் எழுத வேண்டும். அதுவும் படம்தானாம், ஊரே சேர்ந்து வரைகிற படம். நீங்கள் வைத்தீர்களா? போகும்போது வையுங்கள். அழுத்தக் கூடாது. உருட்ட வேண்டும். இப்படி, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. எவனுக்கும் தெரியவில்லை. குத்துகிறார்கள். முக்கால்வாசி கோர்ட்டில் நிற்காது. நான் முதல் நாளே கீழே வலது மூலையில் வைத்தேன், வரிசையில் சேராமல் தனியாக. பக்கத்தில் யாரும் வைக்கக் கூடாது என்று அங்கே வாசலில் இருக்கிற பெண்ணிடமும் சொல்லி வைத்தேன்.

தினமும் வந்ததும் லென்ஸை வைத்துப் பலகையைப் பார்ப்பேன். தொழில் பழக்கம். என் தம்பியுடைய பெருவிரல் எனக்கு மனப்பாடம். வேலையில் சேர்ந்த புதிதில் பழகுவதற்காக வீட்டில் அவன் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்தேன், என்னுடையதையும் எடுத்தேன். அவனுடையது சுழி. கொசுவர்த்திச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றி நடுவில் ஒரு புள்ளி. என்னுடையது உள்ளே போய் வளைந்து அதே பக்கம் வெளியே வந்துவிடும். குறுக்கே ஒரு தழும்பு. ஒன்பது வயதில் நான் நுங்கைப் பிடிக்க, அவன் அரிவாளால் வெட்ட, நுங்குக்குப் பதில் என் விரல். இரண்டு அட்டையையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கேலி செய்தான். "உன்னுது போன வழியே திரும்பி வந்துட்டு பாரு. துணிச்சல் இல்லாத ரேகை. அந்தத் தழும்பு நான் போட்ட கையெழுத்து." அப்படி ஒரு வாய்.

பலகையில் சுழி நிறையப் பேருக்கு இருக்கிறது. அவன் சுழி இல்லை. நேற்று நான் வரவில்லை. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தை விட்டு நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். இன்று வந்தால், பலகை நிறைந்துவிட்டது என்று பழையதை உள்ளே எடுத்துப்போய்விட்டு, புதிதாக ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதில் ஏழெட்டு ரேகை. எல்லாம் காலேஜ் பிள்ளைகள்.

இதோ வருகிறாளே, இவள்தான் நான் சொன்ன வாசல் பெண். பரிமளா. மை பேடோடு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் டூட்டிபோல. என்ன பரிமளா?

"சார், அதுக்குள்ள வளந்துடுச்சா?"

எது?

"மீசை சார். நேத்துதான் மழமழன்னு எடுத்துட்டு வந்தீங்க. இன்னிக்கு முன்னவிடப் பெருசா இருக்கு. ஒட்டு மீசையா?"

நேற்று நான் வரவில்லையே, பரிமளா.

"விளையாடாதீங்க சார். சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து இதே பெஞ்ச்ல அந்த ஓரத்துல உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்த பேசல. தினமும் என் காதைத் தின்னுவீங்களே, நேத்து மூடு சரியில்லபோலன்னு நானும் விட்டுட்டேன். எனக்கே சந்தேகம் வந்து, ‘வடிவு மேடத்தோட பெரியப்பா தானே’ன்னு கேட்டேன்."

என்ன சொன்னான்?

"யாரு?"

நான் என்ன சொன்னேன்?

"‘உம்’ன்னீங்க."

வேறு?

"வேற ஒண்ணுமில்ல. ரெண்டு படத்துல நீங்க எதுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பாத்துட்டு இடதுன்னு கைய காட்டினீங்க. அப்புறம் கட்ட விரல் வெச்சீங்க. நீங்கதான் மொத நாளே வெச்சிட்டீங்களேன்னேன். காதுலயே வாங்கல. போறப்ப ‘நாளைக்கு அஞ்சு மணிக்கு வரேன்’னீங்க. இன்னிக்கு என்னடான்னா ரெண்டு மணிக்கே வந்து உக்காந்துட்டீங்களாம்."

பழைய பலகை எங்கே இருக்கிறது? உள்ளேயா? காட்டு. நீங்களும் வாருங்கள், ஹெல்மெட். உங்களுக்கு நல்ல கண். என் கண்ணில் நேற்று ஊற்றிய மருந்து இன்னமும் மங்கலாக இருக்கிறது. எழுந்திருங்கள்.

இடது என்றானாம். எந்த ஆளாக இருந்து சொன்னான்? நானாக இருந்து சொன்னால், இடது நான்தான் என்று ஒத்துக்கொள்கிறான். அவனாக இருந்து சொன்னால், என் படத்தைத் திருடுகிறான். இதை எந்த லென்ஸ் வைத்துக் கண்டுபிடிப்பது?

விளக்கைப் போடு, பரிமளா. பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. கீழே, வலது மூலை. இதோ இது என்னுடையது, தழும்போடு. பக்கத்தில் ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. லென்ஸே வேண்டாம். சுழி. நடுவில் புள்ளி. ஒழுங்காக உருட்டியிருக்கிறான் பாருங்கள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. ஐம்பது வருஷம் ஆகிறது.

முன்னூறு பேர் ரேகை இருக்கும் இதில். என்னுடையதற்குக் கீழே பேர்கூட எழுதவில்லை நான். எப்படிக் கண்டுபிடித்தான்? அவனுக்கும் என் கண்தானே, மங்கலாகத்தான் இருக்கும். தழும்பை வைத்துத்தான். அவன் போட்ட கையெழுத்தில்லையா. தேடியிருக்கிறான். மேலேயிருந்து கீழே வரைக்கும் தேடியிருக்கிறான்.

கீழே பேர் என்ன எழுதியிருக்கிறது? படியுங்கள். சத்தமாக.

நெல்லையப்பனா?

இன்னொரு தடவை படியுங்கள்.

ரேகை காந்திமதிநாதனுடையது. பேர் நெல்லையப்பனுடையது. முப்பத்து நாலு வருஷ சர்வீசில் இவ்வளவு சுத்தமான ஆள்மாறாட்டம் என் மேஜைக்கு வந்ததில்லை. பதினைந்து நிமிஷம்கூட வேண்டாம். ஹால் டிக்கெட் பையனுக்கு இரண்டு வருஷம் வாங்கிக் கொடுத்தேன். இவனுக்கு என்ன கொடுக்க?

அங்கே எழுதுகிற பேனா இருக்கிறதா, பரிமளா? கொடு. இல்லை, படத்தைக் கெடுக்க மாட்டேன். ஓரத்தில்தான் எழுதுகிறேன்.

"பெயரும் ரேகையும் சரிபார்க்கப்பட்டன. சரியாக உள்ளன."

கையெழுத்து. தேதி. என் பதவியையும் போட்டுவிட்டேன், பழைய பதவி. என் சர்வீசில் பொய்யாக ஒரு சான்று கொடுத்ததில்லை. இதுதான் முதல்.

மணி என்ன? நாலு ஐம்பதா?

நான் பெஞ்சுக்குப் போகிறேன். நீங்கள் கிளம்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உட்கார இடமில்லை. அந்த ஓரமா? அங்கே சொட்டாது. சும்மா சொன்னேன்.

போகும்போது புதுப் பலகையில் விரலை வைத்துவிட்டுப் போங்கள். அழுத்தாதீர்கள், உருட்டுங்கள். படியில் மீசையில்லாத கிழவன் ஒருவன் எதிரே வந்தால் வழி விடுங்கள், நின்று நின்றுதான் ஏறுவான், எனக்கும் அதே முழங்கால்தான். நெல்லையப்பனா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உம் என்பான்.